மதுரை வெயிலில் வண்ண வினைல்: குறைந்த எண்ணிக்கைத் தட்டுகளைத் தேர்ந்து வாங்கிக் காப்பதற்கு முழு வழிகாட்டி

இசைத்தட்டு வாங்குவதற்கு முன்னால் அதை வைக்க இடம் பாருங்கள். மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் மேல்மாடி அறைகள் கொதிக்கத் தொடங்கும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவிலும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். 60 டிகிரியைத் தாண்டினால் நன்றாகவே நெகிழ்ந்துவிடும். சாய்ந்தோ அழுந்தியோ இருக்கும் தட்டு அதைவிடக் குறைந்த சூட்டில்கூட மாதக்கணக்கில் மெல்ல வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் போதும், மீட்க முடியாது.

கறுப்புத் தட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. வண்ணத் தட்டுக்குக் கூடுதலாக இன்னொன்று: வெளிச்சம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தட்டுகள் வெயிலொளி பட்டுப்பட்டு மங்கும், நிறமற்றவை மஞ்சள் பூக்கும். நிறத்துக்காகக் காசு கொடுத்து வாங்கியதில் நிறமே போனால் மிச்சம் என்ன? அதனால் இந்த வழிகாட்டி அலமாரியிலிருந்து தொடங்குகிறது.

இடமும் அலமாரியும்

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற ஆவணக் காப்பகங்கள் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தையும் 50 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதத்தையும் பரிந்துரைக்கின்றன. நம் ஊரில் ஆண்டு முழுக்க ஏசி ஓட்டினால்தான் அது நடக்கும். நடைமுறையில், அறை 32 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி, தட்டு வைக்கப்போகும் அதே உயரத்தில் ஒரு வாரம் வைத்து, பிற்பகல் 4 மணிக்கும் இரவு 10 மணிக்கும் குறித்துவையுங்கள். இரவுக் கணக்கு முக்கியம். பகலைவிட இரவில் சூடாக இருக்கும் அறை தளச்சூடு இறங்கும் அறை, அது வேண்டாம்.

தரைத்தளத்தில், நாலு பக்கமும் வேறு அறைகள் சூழ்ந்த உள்ளறை கிடைத்தால் அதுவே நல்லது. மேற்குச் சுவர் ஆகாது. குளியலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம், ஓதம் ஏறும். பரண் கூடவே கூடாது, வீட்டிலேயே சூடான இடம் அது. சாமி அறையும் சமையலறையும் தவிர்க்க வேண்டியவை. சாம்பிராணிப் புகையும் தாளிப்பு ஆவியும் எண்ணெய்ப் பிசுக்காகத் தட்டில் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டிக்கொள்ளும்.

12 அங்குல எல்பியின் (லாங் பிளே தட்டின்) அட்டை சுமார் 31.5 சென்டிமீட்டர் சதுரம். அலமாரித் தட்டின் உள் உயரம் 34, ஆழம் 33 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஓர் அடி நீளத்தில் 70, 80 எல்பி நிற்கும், எடை 20 கிலோவை ஒட்டி வரும். சாதாரணப் புத்தக அலமாரியின் பலகை அந்த எடையில் நடுவில் தொய்ந்துவிடும். தச்சரிடம் சொல்லும்போது 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்றும், அடிக்கு ஒரு குறுக்குத் தடுப்பு என்றும் சொல்லிவிடுங்கள். இரும்பு பீரோ வைத்திருப்பவர்கள் அதன் தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்த பிறகே அடுக்க வேண்டும். பீரோ மேல் ஜன்னல் வெயில் விழக் கூடாது.

எப்போதும் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றை உருவும்போது பக்கத்துத் தட்டு கூடவே வரக் கூடாது, அதே நேரம் எதுவும் சாயவும் கூடாது. அந்த அளவுக்கு நெருக்கம் போதும். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது மேலே உள்ள எடையை எல்லாம் சுமக்கும், சித்திரையில் அதன் பலன் தெரியும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரமாக இருக்கட்டும். கறையானும் வெள்ளிப்பூச்சியும் அட்டையைத் தேடித்தான் வரும். ரசகற்பூர உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளுக்கு ஆகாது. மாதம் ஒருமுறை தட்டுகளை வெளியே எடுத்து, அலமாரியை உலர்ந்த துணியால் துடைப்பதே பூச்சிக்கு நல்ல மருந்து.

நிறம் எங்கிருந்து வருகிறது, எங்கே கெடுகிறது

தட்டு அச்சடிக்கும் பிளாஸ்டிக்குக்கு இயல்பில் கறுப்பு நிறம் கிடையாது. மிகக் கொஞ்சம் கார்பன் பிளாக் சேர்ப்பதால் கறுப்பாகிறது. அதற்குப் பதில் வேறு நிறமி சேர்த்தால் வண்ணத் தட்டு. இது இன்று நேற்று வந்த நாகரிகமும் இல்லை. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949-ல் நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டை அறிமுகப்படுத்தியபோதே இசை வகைக்கு ஒரு நிறம் என்று அச்சடித்தது: மேற்கத்தியச் செவ்வியல் இசை சிவப்பு, குழந்தைப் பாடல் மஞ்சள், கன்ட்ரி இசை பச்சை.

ஒரே நிறத்தில், நல்ல ஆலையில் அச்சான தட்டு கறுப்புக்கு இணையாகவே ஒலிக்கும். "வண்ணத் தட்டு என்றாலே இரைச்சல்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. வகை வாரியாகப் பார்க்க வேண்டும்.

முழு அடர்நிறமும் ஒளி ஊடுருவும் ஒற்றை நிறமும் பாதுகாப்பான தேர்வு. பளிங்குக்கல் போல இரு நிறம் சுழன்று கலந்தவை பெரும்பாலும் பிரச்சினை தராது. தெறிப்பு வகையில், அதாவது ஸ்ப்ளாட்டரில், சூடான பிளாஸ்டிக் உருண்டையின் மேல் வேறு நிறக் குருணைகளைத் தூவி அழுத்துகிறார்கள். குருணையும் உருண்டையும் ஒரே சீராக உருகாவிட்டால் அந்த இடங்களில் 'டிக் டிக்' கேட்கும். பாதிக்குப் பாதி இரண்டு நிறமாகப் பிரியும் தட்டில் நிறங்கள் சேரும் கோட்டை ஊசி சுற்றுக்கு இரண்டு முறை கடக்கிறது. இணைப்பு சரியில்லை என்றால் அதே தாளத்தில் சத்தம் வரும். இருட்டில் ஒளிரும் தட்டில் அந்த நிறமியின் துகளே சொரசொரப்பு, பின்னணி இரைச்சல் கூடும். படத்தட்டில் நடுவில் அச்சிட்ட தாள் இருக்கும், அதன் மேல் ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் ஊசி ஓடும் பள்ளங்கள். ஒலியில் கடைசி இடம் இதற்குத்தான். சுவரில் மாட்டி அழகு பார்க்க வாங்கலாம். கேட்பதற்கு என்றால் அதே ஆல்பத்தின் ஒற்றை நிறப் பதிப்பைத் தேடுங்கள். திரவம் நிரப்பிய தட்டுகள் கசியும் என்பதால் நம் வெயிலுக்கு அவற்றைப் பரிந்துரைக்கவே மாட்டோம்.

"லிமிடெட்" என்றால் எவ்வளவு?

அட்டையில் 'லிமிடெட் எடிஷன்' என்ற ஸ்டிக்கர் இருப்பதால் மட்டும் தட்டு அரிதாகிவிடாது. எண்ணிக்கை போடாத லிமிடெட்டை நிறுவனம் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப அச்சடிக்கலாம். நம்பத்தக்கது மூன்று: அட்டையில் '137/500' போலப் பதிந்த வரிசை எண், நிறுவனமே அறிவித்த அச்சு எண்ணிக்கை, குறிப்பிட்ட கடைக்கோ நிகழ்வுக்கோ மட்டும் என்று ஒதுக்கிய நிறம். ஆண்டுதோறும் ஏப்ரலில் இசைத்தட்டுக் கடைகள் கொண்டாடும் ரெக்கார்ட் ஸ்டோர் டே நாளின் வெளியீடுகள் மூன்றாம் வகை. முதல் ஆண்டு 2008.

ஒரே ஆல்பம் எட்டு, பத்து நிறங்களில் வருவது இப்போது சாதாரணம். நிறத்துக்கு 1,000 வீதம் பத்து நிறம் என்றால் மொத்தம் 10,000 தட்டு. எல்லாவற்றையும் துரத்தினால் பணம்தான் கரையும். ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு கலைஞர், அல்லது ஒரு வெளியீட்டு நிறுவனம், அல்லது ஒரே ஒரு வகைத் தட்டு. வரம்பு உள்ள முப்பது தட்டு, வரம்பில்லாத முந்நூறைவிடப் பார்க்கவும் கேட்கவும் நிறைவாக இருக்கும்.

பதிப்பை அடையாளம் காண, தட்டுகளைப் பதிப்பு வாரியாகப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளம்தான் கைக்கருவி. பார்கோடு, கேட்டலாக் எண், தட்டின் நடுவில் உள்ள லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே பொறித்திருக்கும் எண் ஆகிய மூன்றையும் அங்கே ஒப்பிடலாம். ஆனால் வண்ணத் தட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அச்சிலிருந்து கறுப்பையும் நீலத்தையும் சிவப்பையும் அடுத்தடுத்து அடிப்பதால் பொறித்த எண் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும், பல சமயம் பார்கோடும்கூட. தட்டு அசலா போலியா என்று அந்த எண் சொல்லலாம், உள்ளே என்ன நிறம் என்று சொல்லாது. பிரிக்காத தட்டுக்கு நிறத்தின் ஒரே சாட்சி அந்த ஸ்டிக்கர்தான். ஸ்டிக்கர் இல்லாத சீல் தட்டை "உள்ளே ஆரஞ்சு இருக்கு" என்று யாராவது சொன்னால், கறுப்புத் தட்டின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எங்கே, எப்போது வாங்குவது

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளிலும் எச்.எம்.வி. காலத்துத் தட்டுகள் கண்ணில் படலாம். அவை ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. தேடிப் பார்ப்பதில் தவறில்லை, வண்ண வெளியீட்டை அங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள். எதை எடுத்தாலும் "அண்ணே, வெளிச்சத்துல ஒருதரம் பாத்துக்கிறேன்" என்று கேட்டு, உறையிலிருந்து வெளியே எடுத்து, சாய்த்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

வண்ணத் தட்டுக்கு வழி பெரும்பாலும் இணையம்தான்: இந்தியக் கடைகள், அல்லது வெளிநாட்டிலிருந்து இறக்குமதி. இந்தியக் கடையில் முன்பதிவு செய்வது விலை கூடுதலாகத் தெரிந்தாலும் முதலில் அதைப் பாருங்கள். நேரடி இறக்குமதியில் தட்டு விலையோடு அனுப்பும் செலவும் சேர்ந்த மொத்தத்தின் மேல் சுங்கம் கணக்கிடுவார்கள். கூரியர் நிறுவனம் தன் கையாளல் கட்டணத்தையும் சேர்த்து வாசலில் வாங்கும். அடையாள ஆவணமும் கேட்கும். "கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள்" என்று விற்பவரிடம் சொல்லாதீர்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது, பொய்க் குறிப்பு பார்சலை முடக்கும். பொதிந்த ஒற்றை எல்பி அரைக் கிலோவைத் தாண்டிவிடும். நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் அனுப்பும் செலவு ஆளுக்குக் கணிசமாகக் குறையும்.

மாதமும் பார்க்க வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை வரவழைக்க நல்ல காலம். ரெக்கார்ட் ஸ்டோர் டே ஏப்ரலில் வருவதால் அதன் பார்சல்கள் சரியாகச் சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் வேகும். அந்தச் சமயம் வாங்கினால், வைத்திருந்து ஆடிக்குப் பிறகு அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பல கடைகள் ஒப்புக்கொள்ளும்.

பயன்படுத்திய தட்டு என்றால் தர அளவை அறிந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழாக: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'குட்' என்றால் கீறலும் இரைச்சலும் நிறைந்த தட்டு. சேகரிப்புக்கு வெரி குட் பிளஸ்ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம். பணம் அனுப்பும் முன் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். டியூப் லைட்டில் எடுத்த படத்தில் ஊதாவும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்த தட்டை, உள்ளுறையோடு அட்டைக்கு வெளியே வைத்து, இரண்டையும் ஒரே வெளியுறையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால் குலுங்கும் தட்டு அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பார்சல் வந்ததும்

உடனே பிரிக்காதீர்கள். வெயிலில் வந்த பெட்டியை நிழலான அறையில், சமமான இடத்தில் ஓர் இரவு வையுங்கள். சூடான தட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்ப்பதுதான் பல நல்ல தட்டுகளைக் கெடுத்திருக்கிறது. பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதுதான் ஆதாரம்.

சுருக்கப் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடுங்கள். சீல் பிரித்தால் மதிப்பு குறையும் என்று தயங்குபவர்கள் உண்டு. ஆனால் அந்த உறை சூட்டில் மேலும் சுருங்கும், அட்டையின் மூலைகளை இழுக்கும், உள்ளே தட்டையும் வளைக்கும். மதுரையில் ஐந்து கோடை சீலோடு கிடந்த தட்டின் மதிப்பு என்னவாகும் என்று யோசியுங்கள். ஸ்டிக்கரைச் சுற்றி உறையைக் கத்தரித்து, வெளியுறையின் உட்புறம் அதே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு சோதனை. டர்ன்டேபிளில் வைத்துச் சுழலவிட்டு, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய் விளிம்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஊசி வைத்ததும் அதைத் தாங்கும் கை வலமும் இடமும் ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது. நீண்ட வீணை, புல்லாங்குழல் ஸ்வரங்கள் அலைபாய்வதில் அது பளிச்சென்று தெரியும். ஒற்றை விளக்கொளியில் சாய்க்கும்போது பள்ளங்களின் ஓரம் வெள்ளிப் பொட்டுகளாக மின்னினால், அச்சில் பிளாஸ்டிக் முழுதாக நிரம்பவில்லை. அந்த இடத்தில் துணி கிழிவது போலச் சத்தம் வரும். எவ்வளவு கழுவினாலும் போகாது, திருப்பி அனுப்புவதே வழி. இரு பக்கமும் முழுக்க ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள்.

டர்ன்டேபிள்

சூட்கேஸ் வடிவப் பிளேயர்களில் ஊசி 5 கிராமுக்குக் குறையாமல் அழுத்தும். நல்ல மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) 2 கிராமை ஒட்டியே ஓடும். அரிய தட்டுக்கு முதல் வகை வேண்டாம். ஆடியோ டெக்னிகா வி.எம். 95 இ போன்ற தொடக்க நிலைக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் அழுத்தமும் சுமார் 300 மணி நேர ஊசி ஆயுளும் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. டிஜிட்டல் ஊசித் தராசு வாங்கிச் சரிபாருங்கள். ரசமட்டம் வைத்து, தட்டு சுழலும் மேடையைச் சமன் செய்யுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய டர்ன்டேபிளில் கவனம் தேவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மாறுமின்னோட்டத்தில் (ஏசி) ஓடும் மோட்டார் உள்ள கருவிக்கு வோல்டேஜ் மாற்றி மட்டும் போட்டால் 33⅓ சுற்று சுமார் 27.8 ஆகக் குறைந்து, பாட்டு இழுவையாக ஒலிக்கும். கப்பியையும் மாற்ற வேண்டும். ஒளி உணரியால் தட்டை அறியும் சில தானியங்கி மாடல்கள், ஒளி ஊடுருவும் தட்டை வைத்தால் மேடை காலி என்று நினைத்து ஊசிக் கையை இறக்காது. அவற்றைக் கையால் இயக்குங்கள். நிறமற்ற தட்டில் பாடல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கண்ணுக்குப் பிடிபடாது. பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு உதவும். கரண்ட் போனால் ஓடிச்சென்று முதலில் ஊசிக் கையைத் தூக்குங்கள்.

கழுவுதல்

குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் வேண்டாம். காய்ந்ததும் உப்பு பள்ளத்துக்குள் படியும், வண்ணத் தட்டில் அது வெள்ளைத் திட்டாகக் கண்ணில் குத்தும். டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, 99 சதவீத ஐசோப்ரோபில் ஆல்கஹால் 200 மில்லி, புகைப்படக் கழுவலில் பயன்படும் ஈரமூட்டி 3 சொட்டு. இந்தக் கலவை ஐம்பது தட்டுக்குத் தாராளம். விளக்கும் அடுப்பும் அருகில் இருக்கக் கூடாது, ஆல்கஹால் பற்றிக்கொள்ளும்.

தட்டைச் சுழலவிட்டு, கார்பன் நார் பிரஷ்ஷால் தூசியை எடுங்கள். பின் மேடையிலிருந்து இறக்கி, மெத்தென்ற துண்டின் மேல் வைத்து, லேபிளை நனைக்காமல் 5 மில்லி அளவு கலவையைப் பரப்பி, வெல்வெட் பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் வேறு துணியால் ஒற்றி எடுத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஓடினால் ஈரத் தட்டில் தூசி வந்து ஒட்டும். படத்தட்டின் விளிம்பில் ஈரம் நிற்க விடக் கூடாது. பழைய 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, மேற்பரப்பைக் கரைத்துவிடும்.

காய்ந்ததும் தொழிற்சாலைக் காகித உறையில் திரும்பப் போடாதீர்கள். பாலிஎத்திலீன் உள்ளுறையும் பாலிப்ரோப்பிலீன் வெளியுறையும் நல்லவை. கெட்டியான, வாசனை அடிக்கும் பி.வி.சி. உறைகளைத் தவிர்க்கவும், சூட்டில் அதிலிருந்து கசியும் மென்மையாக்கி தட்டின் மேல் பால்போல மூட்டமாகப் படியும். அது துடைத்தால் போகாது.

ஆடிக் காற்றில் ஜன்னலை மூடிவையுங்கள். ஐப்பசி அடைமழையில் மீட்டர் 65 சதவீதத்தைத் தாண்டினால் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, பூசணம் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். லேசாக வளைந்த ஒற்றை நிறத் தட்டை இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு இடையே 4 கிலோ எடையோடு அறைச்சூட்டிலேயே மூன்று வாரம் வைத்தால் சற்று நேராகலாம். வெயிலில் காயவைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், பள்ளமே உருக்குலைந்துவிடும்.

பதிவேடு

ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டலாக் எண், பார்கோடு, இரு பக்கப் பொறிப்பு எண், வரிசை எண், வாங்கிய நாள், சுங்கம் உட்பட மொத்தச் செலவு, வந்தபோதே இருந்த குறை ஆகியவற்றை எழுதுங்கள். நிறத்தை நிறுவனம் வைத்த அலங்காரப் பெயராலும் நீங்கள் பார்த்ததைக் கொண்டும் எழுத வேண்டும்: 'ஒளி ஊடுருவும் நீலம், வெள்ளைத் தெறிப்பு' என்பது போல. ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்கு ஆலை மாறும்போது நடுவில் அச்சான கலப்புத் தட்டு சில சமயம் கடைக்கு வந்துவிடும். ஸ்டிக்கர் ஒன்று சொல்ல, தட்டு வேறாக இருந்தால் படத்தோடு பதியுங்கள். தெறிப்பு வகையில் எந்த இரண்டும் ஒன்றுபோல இருக்காது என்பதால், இரு பக்கமும் எடுத்த படம் உங்கள் தட்டுக்கே உரிய அடையாளம். படத்தை காலை 9 மணிக்குள், நேர்வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். அடுத்த ஆண்டு தை மாதம் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால் நிறம் மங்குகிறதா என்று தெரிந்துவிடும். மங்கினால் அலமாரிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் கதவோ கனத்த திரையோ போடுங்கள்.